சங்கிலி எண் அறுபத்தொன்று

ரூடாவில் எந்த வீட்டுத் தரையும் மட்டமில்லை.
கீழேயிருந்த கரியை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்,
மேலே நாங்கள் ஆண்டுக்கு ஒரு விரற்கடை
இறங்கிக்கொண்டிருக்கிறோம்.
ரெக்கார்டு பிளேயரின் வலக்காலுக்கு அடியில்
பழைய டிராம் சீட்டுகளை மடித்து வைத்தேன்.
எட்டுக்கு முள் உள்பக்கம் வழுக்கியது,
பத்துக்கு வெளிப்பக்கம்.
ஒன்பதில் நின்றது.

உறையில் முகங்கள் இல்லை.
மூடிய சுரங்கத்தின் குளியல் கூடம்,
உடை மாட்டிக் கூரைக்கு ஏற்றும் சங்கிலிகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் தகர எண்.
அங்கேதான் மூன்று குளிர்காலம் ஒத்திகை பார்த்தோம்,
கையுறையின் விரல்நுனிகளைக் கத்தரித்துவிட்டு.
கிந்தெர் கிட்டார். ஆகிம் பாஸ். ரோஹ் டிரம்ஸ்.
நான் பாடினேன்.

பின்னட்டையில் பெயர்கள் மூன்று.
எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்,
மூன்று என்பது அவ்வளவு பெரிய எண்போல.

முதல் துண்டின் பெயர் நூற்றுப்பன்னிரண்டு.
எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை.
வெந்நீர்க் குழாய் முனகுகிறதென்று
எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்தேன், சில்லிட்டிருந்தது.
அது ஆகிம்.
ஒரே சுரத்தை ஈரத் துணிபோல்
முறுக்கிக்கொண்டே இருக்கிறான்
சொட்டும் வரை.
கிட்டார் வந்து சேர ஐந்து நிமிடம்.
கிந்தெருக்கு எதற்கும் தாமதம்,
தாயின் அடக்கத்துக்கும்கூட.

முந்நூற்றெட்டில் மூவரும் சேர்ந்து எழும்பினார்கள்.
ஒலியைக் கூட்டினேன்.
சுவர் வெடிப்பின் குறுக்கே
அளவை அலுவலகத்தார் ஒட்டிப்போன கண்ணாடிப் பட்டையையே
பார்த்துக்கொண்டிருந்தேன்.
வீடு அசைந்தால் அது உடைய வேண்டும்.
உடைந்தால் அழைக்க ஓர் எண் எழுதியிருக்கிறது.
உடையவில்லை.
கீழ்வீட்டு பெல்கோவாதான்
துடைப்பக் கழியால் கூரையை இடித்தாள்,
ரோஹின் தாளத்துக்கு அரை அடி பிந்தி.

நான் ஏன் விலகினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஒரே பதில்: டிராம் ஓட்டும் வேலை கிடைத்தது,
விடிகாலை மூன்றரைக்குப் பணிமனை,
தொண்டை தாங்காது.
பொய்யில்லை.
ஆனாலும் ஒருநாள் குடித்திருந்த ரோஹ்,
அன்பாகத்தான், என் தோளில் கைபோட்டுச் சொன்னான்:
ட்ரூடா, உன் சொற்கள்
எங்கள் தண்ணீரில் எண்ணெயாய் மிதக்கின்றன.

தட்டைத் திருப்பினேன்.
கடைசித் துண்டு, அறுபத்தொன்று.
என் மைக் தொங்கிய சங்கிலி.

முதலில் இரும்பு ஆடும் ஓசை.
பிறகு கூடம் மட்டும்,
ஆளில்லாத இடத்தின் ஈரம்.
பிறகு ஒரு மூச்சு,
பல்லிடுக்கில் லேசாய்ச் சீழ்க்கையோடு
உள்ளே போகும் மூச்சு.
பதினொரு வயதில் பனியில் விழுந்து
முன்பல்லின் மூலை உடைத்துக்கொண்டவள் எடுத்தது.

பாட்டை வெட்டி எறிந்துவிட்டு
அதற்கு முந்தைய மூச்சை வைத்துக்கொண்டார்கள்.
யாரும் என்னைக் கேட்கவில்லை.
அதன்மேல் பன்னிரண்டு நிமிடம்
மூவரும் ஏறுகிறார்கள், கிடக்கிறார்கள்,
கறுத்துப்போய் மறுபடி ஏறுகிறார்கள்,
இழுத்ததை யாரும் வெளியே விடவில்லை.
முள் கடைசி வளையத்தில் டொக் டொக்கென்று தட்டியபோது
என் விலா வலித்தது.

கோபப்பட நேரம் போதவில்லை. மணி மூன்று.

என் வண்டி பழையது, நிறுத்தங்களை நானே சொல்ல வேண்டும்.
முதல் நிறுத்தத்துக்கு முன் பொத்தானை அழுத்தி
மூச்சை இழுத்தேன்.
ஒலிபெருக்கிகளில் அது பெட்டி முழுக்கப் போனது.
மாவு படிந்த காலணிக்காரர் ஒருவர்
நிமிர்ந்து பார்த்தார், காத்திருந்தார்.
பெயரைச் சொல்லவில்லை.
அவரும் சரியாகத்தான் இறங்கினார்.

நேற்று மறுபடி போட்டேன்.
முள் உள்ளே வழுக்கியது.
பத்தாவது சீட்டை மடித்தேன்.