உடைசல்

ஏறினது வலிக்கவில்லை.
இறங்கினதுதான்
இன்னும் தொடையை விட்டு இறங்கவில்லை.

நாமக்கல் மலைக்கோட்டைப் படி, பன்னிரண்டு நடை,
ஞாயிற்றுக்கிழமை கருக்கலில் நானும் சுகந்தியும்.
போலீஸ் செலக்சனுக்கு ஐம்பது நாள் இருக்கிறது.
அன்று சாயங்காலம் தெம்பாகத்தான் இருந்தேன்,
இன்னும் நாலு நடை போயிருக்கலாமென்று
வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

திங்கள்கிழமை ஒரு முணுமுணுப்பு.
செவ்வாய்க்கிழமை
கக்கூசில் உட்கார முடியவில்லை.
குழாயைப் பிடித்தபடி பாதியில் நின்றேன்,
எதற்கு வந்தோம் என்று மறந்தவள்போல.

சுகந்திக்கு ஒன்றுமே இல்லையாம்.
அதே படி. அதே பன்னிரண்டு.
அவள் போன மாசமே ஒரு தடவை அழுது முடித்துவிட்டாள்;
அவள் சதைக்கு அந்த இறக்கம் பழகிய ஆள்.
அதுபோக, ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிறாள்.
எனக்கு ராத்திரி ஒரு மணிக்குப் பாலக்காட்டு லாரி வரும்.
அட்டைக்கு முப்பது, பெட்டிக்கு ஏழு அட்டை,
குனிந்து தூக்கி, குனிந்து தூக்கி,
கிழிந்ததைத் தைக்க உடம்பு உட்காரும் நேரத்தில்
ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறேன்.

பகலில் எனக்குப் பல்பு வேலை.
முட்டையை வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்கவேண்டும்.
மயிரிழை ஓடியிருந்தால் உடைசல்,
தனி அட்டை, பாதி விலை.
இன்றைக்கு யாருமில்லாதபோது
தொடையை அந்தப் பல்பில் காட்டிப் பார்க்கத் தோன்றியது.
எத்தனை இழை ஓடியிருக்கும்?
என்னை எந்த அட்டையில் அடுக்குவார்கள்?

நாலு உடைசல் வாங்கிப்போய் வேகவைத்தேன்.
விரிசல் வழியே வெள்ளை பிதுங்கி
வால் முளைத்து மிதந்தது.
உப்புக்கூடப் போடாமல் தின்றேன்.
கீறின முட்டை தானாய்க் கூடினதை
இத்தனை வருசத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.
அது என்னைக் கூட்டட்டும்.

"அம்பது நாளைக்கு லோடு வேண்டாமுங்கண்ணா" என்றேன்.
பொங்கியண்ணன் நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.
"போலீசாயிட்டு மொதல்ல
எங்க லாரியத்தான் மறிப்பே" என்றார்.
சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

ராத்திரி ஒரு மணிக்கு ஆரன் கேட்டது.
எழுந்திருக்கவில்லை.
கோழிக்கொட்டாயில் விளக்கெல்லாம் அணைந்திருந்தது,
அதுகளும் தூங்கினால்தான் முட்டை.

வியாழக்கிழமை
வாசற்படி மூன்றையும் நேராகவே இறங்கினேன்.
மூன்றாவதில் மட்டும்
கை தானாகச் சுவரைத் தேடியது.