தண்டப் பேரேடு

ஜாலான் டூத்தா ஆவணக் காப்பகத்தில்
கையுறை மாட்டினால்தான் பேரேட்டைத் தருவார்கள்.
தொடுகையை ஆராய வந்தவளுக்குத்
தொடக்கூடாது என்பது முதல் விதி.

செந்தூல் ரயில் பட்டறை, கொதிகலன் பிரிவு.
யார் எவ்வளவு தண்டம் கட்டினார் என்பதைத் தவிர
இதில் வேறொன்றும் கிடையாது.

மூக்கன், த/பெ சங்கிலி.
முன்னே பிறந்தவை தங்காமல் போக
இதையாவது விட்டுவை என்று
மூக்குக் குத்திக் கூப்பிட்ட பெயர்.
ஆங்கிலத்தில் அதை
நான்கு விதமாக எழுதியிருக்கிறார் கிராணி.

இருபத்தொன்பது, மே:
அழைத்தும் வரவில்லை. இருபது காசு.
ஆகஸ்ட்: மும்முறை அழைத்தும் திரும்பவில்லை. இருபது காசு.
மறு ஆண்டு: ஃபோர்மேனை மதிப்பதில்லை. அரை வெள்ளி.
அதற்கும் மறு ஆண்டு:
வேண்டுமென்றே வாய் திறவாதிருக்கிறான். ஒரு வெள்ளி.

இரண்டு வாரம் இதைத் திமிர் என்றே படித்தேன்.
சந்தோஷமாகக்கூட இருந்தது.
நம்மாள் ஒருவன் முறைத்து நின்றிருக்கிறான் என்று
அத்தியாயத்துக்குத் தலைப்பும் வைத்துவிட்டேன்.

பிறகுதான் வேலைப் பங்கீட்டுத் தாள் வந்தது.
மூக்கன் உள்ளே உட்காருகிறவன்.
வெளியே இருவர்
பழுக்கக் காய்ந்த ஆணியைச் சம்மட்டியால் அறைய
கொதிகலனுக்குள் குந்தி
அதன் மறுமுனையை இரும்புக் கட்டையால் தாங்குகிறவன்.
கோயில் மணிக்குள் குடிவைத்து
நாளெல்லாம் அடித்தால் எப்படி இருக்கும்,
அப்படி.

அவனோடு உள்ளே உட்கார்ந்த ஏழு பேரும்
அழைத்தால் வரவில்லை.
சேர்ந்த மூன்றாம் வருஷத்தில் தொடங்கி
தண்டம் ஏறிக்கொண்டே போகிறது எல்லாருக்கும்.
ஒரு காது சாக எத்தனை நாளாகும் என்று
மருத்துவர் எவரும் எழுதிவைக்கவில்லை.
காசுக் கணக்கில் அது
பைசல் பிசகாமல் இருக்கிறது.

கடைசித் தாள்,
ஊர் திரும்பக் கப்பல் சீட்டுப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது.
கைநாட்டு மூன்று தரம் எடுத்திருக்கிறார்கள்.
மூன்றும் வெறும் மைப்பொட்டு.
சுழி இல்லை, கோடு இல்லை,
சூட்டு இரும்பு தின்றது போக மிஞ்சிய விரல்.
ஓரத்தில் கிராணியின் கையெழுத்து,
பேரேடு முழுக்க இந்த ஓரிடத்தில் மட்டும் தமிழில்:
‘ரேகை விழவில்லை. கழுவிவிட்டு வரச் சொன்னேன்.
கேட்கவில்லை.’

சொல் கேட்கவில்லையா, காது கேட்கவில்லையா.
எத்தனை தரம் படித்தும் பிரியவில்லை.
எழுதியவருக்குத்
தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

கையுறைக்குள் வியர்த்தது.
அத்தியாயத் தலைப்பை அடித்தேன்.

நேற்றுச் சாயங்காலம் செந்தூலில்
பட்டறை இருந்த பக்கம் தகர வேலியோரம் நின்று
யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
மூக்கா, என்று கூப்பிட்டேன்.
கொஞ்சம் சத்தமாகத்தான்.
உள்ளே புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாற்காலியில் கிடந்த நேபாளக் காவலர்
ஒரு காதிலிருந்து மட்டும்
இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு
என்னைப் பார்த்தார்.