ஐம்பத்திரண்டு பவுண்ட்

யூமா பாலைவனத்து ஹேங்கரில் ஜூலை மாதம்
ஸ்பேனரைக் கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும்.
ஒன்பது வருடமாக இங்கேதான்
பதினாலாயிரம் ரிவெட்டுகளால்
ஒரு விமானத்தைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்.
இறக்கை முடிந்தது. இன்ஜின் உறுமிப் பார்த்தாயிற்று.
கருநீலம் பூசினால் ஆயிற்று என்று
எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு மதியம் கொரின் பக்கத்து இருக்கையில்
உட்கார்ந்து பார்த்தாள்.
பின்னால், சாமான் வைக்கும் பள்ளத்தில், டீசல்:
எங்கள் கறுப்பு நாய்.
கண்ணாடிக் கூண்டை இழுத்து மூடினேன்.
நான்கு நிமிடம்.
உள்ளே நூற்று முப்பத்தொரு டிகிரி,
நாயின் நாக்கு கொரினின் தோளில் தொங்கியது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அன்றிரவே ஏசி தேட ஆரம்பித்தேன்.

எதிர் ஹேங்கர் ஆர்லோ டக்கெட் சொன்னான்:
இன்ஜினில் பெல்ட் மாட்டி கம்ப்ரஸரைச் சுற்று,
காரில் இருப்பது போலத்தான்.
காரில் இருப்பது போலத்தான்.
ஆனால் கார்
பாதை முடிவதற்குள் எழும்ப வேண்டியதில்லை.
ஐந்து குதிரைகளைத் தின்னும் கம்ப்ரஸர்,
வயிற்றுக்கடியில் வாய் பிளந்து
காற்றைக் குடிக்கும் கண்டென்ஸர்,
குழாய், வாயு, விசிறி,
எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு பவுண்ட்.

மின்சாரத்தில் ஓடுவதும் உண்டு. அழகான பெட்டி.
பெட்டிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் வேண்டும்,
ஆல்டர்னேட்டருக்குத் தடித்த வயர் வேண்டும்,
வயருக்காகப் போன வருடம் மூடிய தரையைப்
பிரிக்க வேண்டும்,
விலையைக் கொரினிடம் சொல்ல வேண்டும்.
ஆகவே இல்லை.

சாமான் பள்ளம் தாங்குவது அறுபது பவுண்ட்.
குளியலறைத் தராசில்
டீசலைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.
பிறகு நான் மட்டும் நின்றேன்.
கழித்தேன்.
ஐம்பத்திரண்டு.
நம்பாமல் இன்னொரு தடவை கழித்தேன்.

நாய்க்காகத்தான் ஏசி. ஏசி வைத்தால் நாய்க்கு இடமில்லை.
நாய் வராவிட்டால் ஏசி எதற்கு?
இதைத் தாளில் எழுதிச் சுற்றிலும் வட்டம் போட்டேன்.
வட்டம் நன்றாகவே வந்தது.

வயிற்றெரிச்சல் என்னவென்றால்
மேலே குளிர் சும்மா கிடக்கிறது.
இந்த உலர்ந்த காற்று
ஆயிரம் அடிக்கு ஐந்து டிகிரி
கேட்காமலே தள்ளுபடி கொடுக்கும்.
ஒன்பதாயிரத்தில் வசந்தம்.
ஆக, நான் வாங்கப் பார்ப்பது
தரையில் உருளும் பத்து நிமிடம்,
ஏறுகிற பத்து நிமிடம்.
அந்த இருபது நிமிடத்துக்காக
ஆயுள் முழுக்கச் சுமக்க ஓர் இரும்பு.

கடைசியில் மீன்பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி.
மூடியில் இரண்டு துளை, ஒரு விசிறி,
யாரோ படகிலிருந்து கழற்றிய பம்ப்,
செத்துப்போன ட்ரக்கின் ஹீட்டர் சுருள்.
ஐஸோடு முப்பத்தொன்று. இடம், கொரினின் காலடி.
"காலை எங்கே வைப்பது?"
"பெட்டி மேல்."
"உருக உருக எடை குறையுமா?"
"குறையாது. தண்ணீரும் அதே எடைதான்."
அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு
அலகு எதுவும் கிடையாது.

ஆகஸ்டில் ஓடுபாதையில் உருட்டிப் பார்த்தோம்.
முகத்தில் நிஜமாகவே குளிர் அடித்தது.
நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கையில்
டீசல் இருக்கைகளுக்கு நடுவே தலையை நுழைத்து
வடிகுழாயைக் கடித்துத் திறந்து
குடித்துக்கொண்டிருந்தது.
பெட்டியில் குறைந்தது நாய்க்குள் ஏறியது.
மொத்தம் மாறவில்லை.
ஈர்ப்பு மையம் மட்டும்
ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்தது.

"விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால்
தொண்ணூறுகூட இருக்காதே" என்றாள் கொரின்,
சீட் பெல்ட்டை அவிழ்த்தபடி.
ஐந்து மாதக் கணக்குத் தாள்கள்
என் முழங்காலடியில் இருந்தன.
அவற்றின் மேல் காலை வைத்துக்கொண்டேன்.

சரி, ஐந்து மணி.
பெட்டியும் இருக்கட்டும், டீசலுக்குத் தாகம் எடுக்கும்.
கருநீலப் பெயின்ட்டை மட்டும்
மறுநாள் கடையில் கொடுத்துவிட்டு
வெள்ளை வாங்கி வந்தேன்.