சாம்பல் தந்த தவணை

வியாழன் இரவு ஒன்பதரைக்கு எனக்கு விமானம்.
காலையிலேயே பையைக் கட்டச்சொல்லி வாங்கிவிட்டார்கள்:
இரண்டு சட்டை, சவரக்கத்தி இல்லாத சவரப்பெட்டி,
அக்கா கொண்டுவந்த கம்பளி மேற்சட்டை.
கொழும்பில் அது எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஹார்மண்ட்ஸ்வர்த் தடுப்பு முகாமில்
கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை.
தொண்ணூறு விநாடிக்கொரு விமானம்
கூரையை உரசிக்கொண்டு ஏறும்.
தேநீரில் ஒரு வட்டம் எழும்பி அடங்கும்.
ஏழு மாதமாய் அந்த வட்டங்களைத்தான் எண்ணினேன்.

மதியம் வட்டம் எழும்பவில்லை.

காது அடைத்துவிட்டதென்று நினைத்தேன்.
பிறகு வேலிக்கு அப்பால் ஒரு குருவி
வழக்குப் பேசுவதுபோல் விடாமல் கத்தியது.
இத்தனை நாளும் கத்தித்தான் இருக்கும்.

ஐந்து மணிக்கு லொரெய்ன் தாளோடு வந்தாள்.
"மிஸ்டர் சிவா... சிவக்னா..."
சிவஞானசேகரம் என்றேன், வழக்கம்போல்.
"உங்கள் பயணம் ரத்து. ஐஸ்லாந்தில் ஒரு மலை.
அதன் பெயர் ஏயா... ஏயாஃபி..."
தாளை மடித்துச் சிரித்துவிட்டாள்.
இந்த நாட்டில் முதல்முறையாக
என் பெயரைவிடக் கடினமான பெயரொன்று
எனக்கு முன்னால் வரிசையில் நின்றது.

அன்றிரவு தொலைக்காட்சி அறையில் நிற்கவும் இடமில்லை.
பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு புகை. புகைக்குள் மின்னல்.
சாம்பல் என்பது பேருக்குத்தானாம்,
அரைத்த கண்ணாடியாம்.
என்ஜினுக்குள் போனால் உருகி, உறைந்து,
மூச்சை நிறுத்திவிடுமாம்.
அங்கே முகமூடி கட்டிய ஒருவன்
நடுப்பகல் இருட்டில்
தன் குதிரைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
அந்தப் புல்லைத் தின்றால் மாட்டுக்கு எலும்பு நோகுமாம்.
உருகிய பனி அவன் ஊர்ப் பாதையை அறுத்துக்கொண்டு போனது.
அவனிடம் நான் என்ன சொல்வது?
நன்றி என்றா?

"நல்லூர்க் கந்தனுக்கு நேர்ந்தனான்," என்றாள் அக்கா, தொலைபேசியில்.
"அக்கா, இது ஐஸ்லாந்து மலை."
"எந்த மலையெண்டால் என்னடா,
மலையெல்லாம் அவன்ரைதானே."

வெள்ளியும் சனியும் என் வழக்கறிஞர் தூங்கவில்லை.
அவருடைய மின்னஞ்சல்களுக்குள் எங்கோ
நான் ஒரு இணைப்பாகப் போய்க்கொண்டிருந்தேன்.

என் அறையில் குவாபெனா
சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.
அவன் போகிறேனென்று தானே கேட்டவன்.
கையெழுத்துப் போட்டு, நாள் வாங்கி வைத்திருந்தான்.
குமாசியில் அவன் தகப்பனைக்
குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள்.
சனிக்கிழமை பத்து மணிக்கு எழுந்தான்.
சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு
கட்டில் நுனியில் ஒரு மணிநேரம் இருந்தான்.
நானும் எழுந்து நின்றேன்.
அவன் பாடியது எனக்கு விளங்காத மொழி.
மதியம் என் சோற்றை அவன் பக்கம் தள்ளினேன்.
திருப்பித் தள்ளினான்.
கோபமாக அல்ல.

பூமிக்கு எங்கள் இருவரின் கோப்பு எண்ணும் தெரியாது.
ஏதோ அரித்தது, முதுகைத் திருப்பிக்கொண்டது.

செவ்வாய் இரவு தேநீரில் மீண்டும் வட்டம்.
புதன் விடிய குவாபெனாவை அழைத்துப்போனார்கள்.
கதவடியில் நின்று என் கையைப் பிடித்தான்,
"உன் மலை," என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.
எனக்கு நீதிமன்றம் ஆறு வாரம் தந்திருந்தது.

முற்றத்துக்குப் போனேன்.
வேலிக் கம்பியில் விரலை இழுத்தேன்.
மெல்லிய சாம்பல் நிறம். வெறும் தூசியாகவும் இருக்கலாம்.
கை தன் பழக்கத்தில் நெற்றிக்கு உயர்ந்தது.
பாதியில் நிறுத்தினேன்.
அரைத்த கண்ணாடி.
கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
எண்ணத் தொடங்கினேன்,
ஒன்றிலிருந்து.