வாசல் பூட்டிய கொப்பி

ஒரு திறப்புக்கு ஒரு வீடு.
உரிமப் பத்திரம் அப்படித்தான் தொடங்குகிறது.
பதினொராம் பிரிவில் மட்டும் கொஞ்சம் இரங்கி,
சோதித்துப் பார்க்க இன்னொன்று வைத்துக்கொள்,
வாசல் பூட்டியிருக்கட்டும்,
வெளியார் எவரும் காணலாகாது என்கிறது.
கீழே என் கையெழுத்து,
கடற்றொழிலாளர் சங்கத்து றப்பர் முத்திரை
ஒரு பக்கம் சரிந்து.

வெள்ளிக்கிழமை, கரண்ட் போய்ப் போய் வந்த பின்னேரம்,
பழைய லாப்டொப்பில் இறக்கினேன்,
போன மாதம் எடுத்துவைத்த பிரதியை.
நானூற்றுப் பன்னிரண்டு அங்கத்தவர்,
வள்ளம், வலை, இஞ்சின் இலக்கம்,
யாருக்கு யார் பிணை நின்றார் என்பது.
ஒரு தேத்தண்ணி ஆறும் நேரத்தில்
முழுச் சங்கமும் இரண்டாம் தரம் பிறந்து
என் மேசையில் கிடந்தது.

தலைப்பில் சிவப்புப் பட்டி போட்டேன்: சோதனை.
பாஸ்வேர்ட் வைத்தேன்;
எனக்கே இரண்டு முறை பிழைத்தது.
தொலைபேசி இலக்கம் இருந்த இடமெல்லாம்
என்னுடையதை இட்டேன்.
அறிவித்தல் வந்தால் எனக்கே வரட்டும்,
இன்றைக்கு எல்லாரும் நான்தான்.

பிறகு வெட்கமில்லாமல் விளையாடினேன்.
தலைவரை அங்கத்துவத்தால் நீக்கினேன்.
திரும்பச் சேர்த்து,
எல்லாக் கடனுக்கும் அவரையே பிணையாக்கினேன்.
வட்டிக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி;
மென்பொருள் முனகவேயில்லை,
சங்கம் மாதாமாதம் கடற்றொழிலாளருக்குக் காசு கட்டியது.
கடைசியில் எல்லாக் கடனையும் பூச்சியமாக்கி
'அறிவித்தல் அனுப்பு' என்பதை அழுத்த
என் போன் மேசையில் நண்டு மாதிரி ஊர்ந்தது,
நானூற்றுப் பதினொரு தரம்.

எண்ணவில்லை நான்.
எண்ணியிருக்க வேண்டும்.

சனி காலை கதவடியில் இருதயநாதன்.
கையில் சீலா மீன், வாலில் நைலோன் கயிறு.
"பிள்ளை, மெசேஜ் வந்தது. கடன் முடிஞ்சுதாம்."

முதல் இலக்கம் வெறுமையாய் விட்டு
மகளின் போனை இரண்டாம் கட்டத்தில்
யாரோ பதிந்திருக்கிறார்கள்.
யாரோ என்ன, நான்தான், முந்திய வருசம்.

சொன்னேன்.
இது கொப்பி, பரீட்சைக்கு வைத்தது.
அசல் கணக்கில் அப்படியே இருக்கு,
ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம்.

கோபிக்கவில்லை அவர்.
டைக் வீதியில் ஒரு மான் நின்று
யாரோ எறிந்த லொத்தர்த் துண்டை மென்றது.
அதை முடிக்கும்வரை பார்த்திருந்தார்.
"அந்தக் கொப்பியில," என்றார்,
"என்ர இஞ்சின் இருக்கோ?"

சங்கம் அதைக் கழற்றிக்கொண்டு வந்தது
பன்னிரண்டு நாளைக்கு முன்.
பிரதி அதற்கும் முந்தியது.
இருக்கு என்றேன்.

"காட்டும் பாப்பம்."

பதினொராம் பிரிவு. வெளியார் எவரும்.
திரையை இன்னும் கொஞ்சம் என் பக்கம் திருப்பினேன்.
காணலாகாது என்றுதான் எழுதியிருக்கிறது,
கேட்கலாகாது என்றில்லை.
வாசித்தேன்:
நாற்பது குதிரைவலு.
நிலை: பாவனையில்.
கடன்: பூச்சியம்.
பிணை: தலைவர்.

அதற்கு மட்டும் சிரித்தார்.
"இன்னொருக்கா வாசியும்."
வாசித்தேன்.
றேடியோவில் காலநிலை கேட்கிறவர் மாதிரி
கண்ணை மூடிக்கொண்டு,
காற்று எந்தப் பக்கம் என்று
நான் சொல்லாததையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

மீனைத் திருப்பி நீட்ட வாங்கவில்லை.
"அது அங்கத்தைக் கணக்குக்கு," என்று
படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை இதை அழிக்க வேணும்.
அதற்கு முன் ஒரு பதிவு மட்டும்.
சீலா, ஒன்று. நிறை மூன்றரைக் கிலோ.
பெற்றுக்கொண்டவர் பெயர் இல்லாமல்
சேமிக்க மாட்டேன் என்றது.

கையெல்லாம் மீன் வெடுக்கு.
சுண்டு விரலால் என் பெயரை
ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன்.