பாதை வரும்வரை

ஆவணி விடுமுறை. குருமண்வெளிப் பள்ளிக்கூடம்.
இரண்டு மின்விசிறியில் ஒன்று சுற்றியது.
பன்னிரண்டு பிள்ளைகள், நான்கு கைபேசிகள்,
அதிலொன்றின் முகத்தில் சிலந்திவலையாய் வெடிப்பு.
ஆளுக்கொரு படம், மூன்று நிமிடம், என்றேன்.
ஒரு செக்கனும் கூடக்கூடாது.
பாட்டுப் போடக்கூடாது.
யாருடைய முகம் விழுந்தாலும் அவரிடம் கேட்கவேண்டும்.
கரும்பலகையில் எழுதி
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

கச்சான் அடித்த வாரம் அது.
எவரைப் பேசவைத்தாலும் காற்றுத்தான் பேசியது.
மீன்வாடி முதலாளிக்கு வாய் மட்டும் அசைந்தது.
மிதுர்ஷன் தங்கச்சியின் சப்பாத்துக் காலுறையைக் கொண்டுவந்து
என்னிடமிருந்த ஒரேயொரு மைக்கின் தலையில் மாட்டினான்.
பிறகு கொஞ்சம் கேட்டது.

டிலக்சனாவின் கோழிகள் நடிக்க மறுத்தன.
சனோஜ் தன் மாமாவை
மூன்றுதரம் தென்னையில் ஏறவைத்தான்.
நாலாந்தரம் ஏறிய மாமா
இறங்கமாட்டேன் என்று மேலேயே இருந்துவிட்டார்.

அபிலேகா துறைக்குப் போனாள்.
இந்தப் பக்கத்தில் பாதை என்றால் தரையில் கிடப்பதல்ல.
தண்ணீரில் வரும்.
மோட்டார்சைக்கிளையும் டீச்சர்மாரையும் நெல்மூட்டையையும் ஏற்றி
மண்டூருக்குப் போகும், மறுகா வரும்.
அது வருவதை எடுக்கப்போகிறேன், என்றாள்.

கொண்டுவந்தது பதினாலு நிமிடம்.
முதல் பதினொன்றில் பாதையே இல்லை.
வாவி. கம்பத்தில் ஒரு நீர்க்காகம்.
செருப்பைக் கழற்றி அதன்மேலேயே குந்தியிருக்கும் ஒருவன்.
கமரா ஆடவில்லை, கல்லில் வைத்திருக்கிறாள்.
இதை வெட்டுவோம் கா, என்றேன்,
விரல் ஏற்கெனவே விசையில்.

'வெட்டினா பாதை உடன வந்தமாதிரிப் போயிரும், டீச்சர்.
அது உடன வரல்ல.'

மூன்று நிமிடத்தை ஞாபகப்படுத்தினேன்.
அவள் அதோடு சண்டைக்கு நிற்கவில்லை.
திரையின் இடதுமூலையைத் தொட்டாள்.

அங்கே ஒரு பெண்.
ஏழாம் நிமிடத்தில் வருகிறாள், வயிறு முன்னே.
கிளினிக் அட்டையால் விசிறுகிறாள்,
கால் மாற்றி நிற்கிறாள்.
ஒருதரம் குனிந்து முழங்காலைப் பிடிக்கிறாள்,
நிமிர்ந்து தண்ணீரைப் பார்க்கிறாள்.
நாலுதரம் ஓட்டிப் பார்த்த படம்.
நான் காணவேயில்லை.

'அவவ நான் எடுக்கல்ல. அவ வந்து நிண்டா, அவ்வளவுதான்.
ஆனா முகம் விழுந்திருக்கு. கேக்கணும்.
நீங்கதானே எழுதின.'

அடுத்தநாளும் துறைக்குப் போனாள். அதற்கடுத்த நாளும்.

சான்றிதழ் நாள் வந்தது.
அதிபர் வந்தார், பற்றிசும் சோடாவும் வந்தன.
யாரோ தந்த வெள்ளை வேட்டியை விரித்துக் காட்டினோம்:
கோழிகள், ஊவென்ற காற்று, தென்னையில் மாமா.
மாமாவே முன்வரிசையில் இருந்து
தனக்குத்தானே கைதட்டினார்.
அபிலேகாவின் பெயரைக் கூப்பிட
எழும்பி நின்று சொன்னாள்:
'என்ட படம் இன்னும் முடியல்ல. அவ இன்னும் வரல்ல.'
கொஞ்சப்பேர் சிரித்தார்கள்.

அறிக்கையில்
பன்னிரண்டு பிள்ளைகள், பதினொரு படம் என்று எழுதினேன்.
தட்டச்சுப் பிழையா என்று அலுவலகம் கேட்டது.
இல்லை என்று மட்டும் பதில் போட்டேன்.

நேற்றுப் பின்னேரம் நானும் துறைக்குப் போனேன்.
அவள் முதலே நின்றாள்.
இருவர் கையிலும் கைபேசி இல்லை.
காற்று விழுந்திருந்தது.
இந்நேரம் பிள்ளை பிறந்திருக்கும், என்றேன்.
'பிறந்தா ஊசி போட இந்தக் கரைக்குத்தானே வருவா.'

அக்கரையில் ஏதோ அசைந்தது.
பாதையோ, வள்ளமோ, தெரியவில்லை.
என் மணிக்கட்டு தானாக மேலெழும்பியது.

'நேரம் பாக்காதீங்க, டீச்சர்.'

கையைக் கீழே போட்டேன்.