நீதிப் படுக்கை

புதுச்சேரியிலிருந்து அந்துவான் அனுப்பும் பார்சல்
எப்போதும் பழைய மெத்தைத் துணியில் வரும்.
இந்த முறை ஓரம் நனைந்திருந்தது.

சத்துவாச்சாரி கோர்ட்டில்
விபத்து நஷ்டஈடு வாதாடுகிறவனுக்கு
முந்நூற்றைம்பது வருஷத்துப் பாரிஸ் தீர்ப்புகள் எதற்கு,
கூடப் படித்த மேகலை கேட்டாள்.
மூன்று கேஸ் பீஸ் இது.
என் பிரெஞ்சும் அரைகுறை.
பதிலுக்கு டீ சொன்னேன்.

மேல்விஷாரத்தில் தோல் தரம் பிரிக்கும் கலீமுல்லா
கட்டைவிரலால் அட்டையைத் தடவி
மோந்து பார்த்தார்:
"கன்னுக்குட்டி. மரப்பட்டையில பதப்படுத்தினது.
இந்தப் புள்ளி, உண்ணி கடிச்ச தழும்பு.
எண்ணெய் காட்டாதீங்க, கறுத்துடும்."
திறந்து பார்க்கவே இல்லை.

உள்ளே
மன்றத்தின் மூலையில் ஐந்து மெத்தைகள்.
ஒன்று உட்கார, ஒன்று முதுகுக்கு,
கைகளுக்கு இரண்டு, காலுக்கு ஒன்று.
ராஜா சாய்ந்திருக்கிறான்.
பேசுவது வேறொருவர்.
எதிர்த்த நீதிபதிகள்
மண்டியிட்டபடியே சட்டத்தைப் பதிவு செய்கிறார்கள்.
அதற்குப் பெயர் நீதிப் படுக்கை.
ராஜாவின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
புழு போன ஓட்டை.

பாபுராவ் தெரு லாட்ஜுக்கு மேல்மாடி என் அறை.
கீழே வராந்தாவில்
மால்டாவிலிருந்து ஸ்கேன் கவரோடு வந்தவர்
பத்து நாளாக ஒரே வாக்கியத்தை
ஊருக்குப் போனில் சொல்கிறார்.
வங்காளத்தில் எனக்குப் புரிவது
பெட் என்ற சொல் மட்டும்.

பென்சில் கோடு போட்டால் புத்தகத்தின் விலை போய்விடும்.
ஐந்தாவது மெத்தை மேல்
விரலை வைத்துக்கொண்டு
அவர் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.